குமிழ் யார் கையில்?

ரேடியோ கேட்க ஒரு காலத்தில் லைசன்ஸ் எடுக்க வேண்டியிருந்தது என்று சொன்னால் என் மகள் நம்புவதில்லை. "துப்பாக்கியாப்பா அது?" என்கிறாள். நிஜமாகவே எடுக்க வேண்டியிருந்தது. சின்னதாக ஒரு புத்தகம். வருஷத்துக்கு ஒரு தடவை தபால் ஆபீஸுக்குக் கொண்டுபோனால் பணத்தை வாங்கிக்கொண்டு, ஸ்டாம்பை ஒட்டி, ஓங்கி முத்திரை குத்தித் தருவார்கள். 1980களில் அரசாங்கம் அந்த வழக்கத்தைக் கைவிடும் வரை எங்கள் வீட்டு லைசன்ஸ் புத்தகம், நிலப் பத்திரமும் அம்மாவின் அடகுச் சீட்டும் இருந்த அதே தகரப்பெட்டியில்தான் குடியிருந்தது. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் குமிழைத் தொடலாம் என்று சட்டமே இருப்பதாக நான் வெகுநாள் நம்பியிருந்தேன். அப்பாவும் அந்த நம்பிக்கையைக் கலைக்க எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ரேடியோ, மர்பி; வால்வு செட். குமிழைத் திருகியதும் பாடிவிடுகிற ஜாதி இல்லை அது. உள்ளே வால்வுகள் சூடேற வேண்டும். முதலில் ஊர்ப்பெயர்கள் எழுதிய கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் பரவும், பிறகு ஸ்பீக்கர் துணியிலிருந்து சூடான தூசி வாசனை ஒன்று வரும், பிறகு இரைச்சல், எல்லாச் சடங்கும் முடிந்த பிறகுதான் பாட்டு, அதுவும் பாதியிலிருந்து. சுவருக்குச் சுவர் கட்டிய வலை ஏரியலில் ஒட்டடை சேர்ந்திருக்கும். ஸ்டேஷன் சரியாக எடுக்காத நாட்களில் பழி முழுவதும் அந்த ஒட்டடை மேல் விழும், கம்பை எடுத்துத் தட்டும் வேலை என் மேல் விழும்.

அப்பா வீட்டில் இருந்தால் செய்தி, கர்நாடகக் கச்சேரி, விலை நிலவரம். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பிய மறுநிமிஷம் சிவப்பு முள் நகர்ந்து சிலோனில் போய் நிற்கும். அந்த நிலையத்தின் பெயர் 1967இல் ஒரு தடவையும் 1972இல் இன்னொரு தடவையும் மாறி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று மூச்சு வாங்கும் நீளத்துக்கு வந்த பிறகும் எங்கள் பக்கம் அது சிலோன்தான். அப்பா திரும்பி வருவதற்குள் அம்மா முள்ளை இருந்த இடத்துக்கே கொண்டுவந்து விடுவாள். ஆனால் வால்வு செட்டுக்கு ஒரு காட்டிக்கொடுக்கும் குணம் உண்டு. அப்பா சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால், காய்ச்சல் பார்ப்பதுபோல, ரேடியோவின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அந்தக் கைக்குப் பயந்து அம்மா அதன் மேல் ஈரத்துண்டு போட்டு வைத்த நாளும் உண்டு.

சென்னையைவிட கொழும்பு எங்களுக்குக் கிட்டம். நடுவில் இருப்பது கடல். மத்திய அலைக்கு உப்புத் தண்ணீரைப் போல உகந்த பாதை வேறில்லை. அதற்கு முன்னால் சிற்றலையில் அந்த நிலையம் கட்டியாண்ட கதை இன்னும் வேடிக்கை. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைகளுக்காகக் கொழும்புப் பக்கத்தில் வைத்த பிரமாதமான ஒலிபரப்புக் கருவி, போர் முடிந்ததும் இலங்கை அரசின் கைக்கு வந்தது. இந்தப் பக்கம் 1952இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு கேட்டால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று கவலைப்பட்டு ஆகாசவாணியில் அதை ஒடுக்கினார். ஜனங்கள் கெட்டுப்போவதென்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தபடியால் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1957இல் விவித பாரதியைத் தொடங்கி அரசாங்கம் சமாதானத்துக்கு வருவதற்குள், சிப்பாய்களுக்காக வந்த கருவி, பாட்டும் பல்பொடி விளம்பரமுமாக இந்தியா முழுக்கச் சம்பாதித்து முடித்திருந்தது. ஒரு மந்திரியின் நல்லெண்ணத்தால் பக்கத்து நாட்டுக்கு இவ்வளவு வருமானம் வந்த சந்தர்ப்பம் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

பாட்டைவிட அறிவிப்பாளர்கள் மேல்தான் எனக்குப் பைத்தியம். மயில்வாகனம் அப்பா தலைமுறையின் ஆள். என் காலத்துக்குக் கே.எஸ். ராஜா. மூச்சு விடாமல் பேசுவார். அவர் ஒரு கேள்வியைக் கேட்க, பாட்டின் முதல் வரி வந்து பதில் சொல்லும், அடுத்து அவர் அந்தப் பதிலையே கிண்டல் செய்வார், அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்திருக்கும். ராஜேஸ்வரி சண்முகம் பேசினால் அதட்டாமல் அதட்டுகிற ஒரு பெரியம்மா வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும். அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டுத்தான் எங்கள் ஊர்த் தமிழ் வாத்தியார் ழகரத்தைச் சரிசெய்துகொண்டார் என்று பையன்கள் நாங்கள் பேசிக்கொள்வோம். பாட்டு முடிந்ததும் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். சினிமாவே பார்க்காத அம்மாவுக்கு எந்தப் பாட்டு மருதகாசி, எந்தப் பாட்டு கண்ணதாசன் என்று தெரிந்தது இப்படித்தான்.

நான் அறிவிப்பாளராகப் போவதென்று தீர்மானித்திருந்தேன். பித்தளைச் சொம்புக்குள் வாயை வைத்துப் பேசினால் எதிரொலியோடு ஒலிபரப்புக் குரல் கிடைக்கும் என்று கண்டுபிடித்து, கிணற்றடியில் நின்று இலங்கை நேரம் சொல்லிக்கொண்டிருப்பேன். தண்ணீருக்குச் சொம்பு தேடி வந்த பாட்டி அந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நேயர். ராஜா 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார் என்று தெரிந்த நாளில், அந்தக் குரலைத் தவிர அந்த நாட்டைப் பற்றி எங்களுக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருந்தது என்பது உறைத்தது. அவர் எங்களுக்குக் குஷியாகப் பாட்டுப் போட்ட ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நாங்கள் கேட்டதே இல்லை. அடுத்த பாட்டு என்ன என்றுதான் கேட்டோம்.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். இன்று பண்பலையில் ஒரு பையன் மூச்சு விடாமல் பேசினால், பாட்டைப் போடாமல் என்ன வளவளப்பு என்று திட்டுகிறேன். ராஜாவை அப்பா இதே வார்த்தையில்தான் திட்டினார்.

ஆகாசவாணியின் நேயர் விருப்பத்துக்கு வருவோம். ஒரு பாட்டைக் கேட்டு எழுதிய அத்தனை பேருடைய பெயரையும் வாசிப்பார்கள்: சாத்தூரிலிருந்து இன்னார், இன்னார், மற்றும் குடும்பத்தினர், கழுகுமலையிலிருந்து இன்னார் மற்றும் நண்பர்கள். பட்டியல் நீண்டு நீண்டு, பாட்டு இரண்டாவது சரணம் காணாமலேயே மங்கி அடங்கிவிடும். பாட்டு யாருக்கு வேண்டும், பெயர்தானே வேண்டும். எதிர்வீட்டுப் பெண்ணின் பெயரைத் தனியாக எழுதத் தைரியமில்லாமல், பந்தோபஸ்துக்கு அவள் அப்பா, அம்மா, தம்பி, பாட்டி எல்லோரையும் சேர்த்து ஒரு கார்டு போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. அறிவிப்பாளர் பாட்டியின் பெயரை மட்டும் வாசித்துவிட்டு "மற்றும் குடும்பத்தினர்" என்று முடித்துக்கொண்டார். அந்தப் பாட்டி சாகும்வரை என்னை ரொம்பப் பிரியமாக நடத்தினாள்.

குமிழ் நம் கையில் இல்லை என்பதன் உச்சகட்டம் கோயில் கொடை. வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிட்டால் மூன்று நாளைக்கு ஊருக்கே மைக்செட்காரர்தான் ராஜா. விடிகாலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, அதற்குப் பிறகு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், வெயில் ஏறியதும் சினிமா. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் அந்தக் குழாயை அறுத்துப் போட வழி தேடியிருக்கிறேன். இப்போது இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாதென்று 2000ஆம் ஆண்டிலிருந்து விதி இருக்கிறது. நல்ல விதி, இருதயக்காரர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் வேண்டிய விதி. ஆனால் அந்தக் காலத்தில் மெல்லிசைக் கச்சேரி ஆரம்பிப்பதே பத்து மணிக்குத்தான்.

கச்சேரி என்றால் மணலில் துண்டு விரித்து இடம்பிடிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். மேடையில் அக்கார்டியன், ட்ரம் செட், பாங்கோஸ், ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். அதை வைத்திருப்பவருக்கு மட்டும் தோள் வரை முடி. டி.எம்.எஸ். குரலில் பாடுபவர் ஒருவர், ஜானகி குரலிலும் தானே பாடிச் சமாளிப்பவர் ஒருவர். எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்று பாடினால் சிவாஜி பாட்டு ஒன்று பாடியே ஆக வேண்டும். கணக்குத் தப்பினால் மணல் பறக்கும். என்ன பாட்டு வேண்டும் என்று சீட்டில் எழுதி, சீட்டோடு ஒரு ரூபாய் நோட்டை மடித்து, தலைக்கு மேலே தலைக்கு மேலே மேடைவரை கடத்துவார்கள். நெஞ்சை உருக்கும் சோகப்பாட்டின் நட்டநடுவில் கமிட்டிக்காரர் மைக்கைப் பிடுங்கி, பம்பாய் வாழ் அன்பர் கொடுத்த ஐம்பத்தொரு ரூபாய் நன்கொடையை அறிவிப்பார். பாடகர் கண்ணீர்க் குரல் கலையாமல் பல்லவிக்குத் திரும்புவார். அந்தத் தொழில்திறமையை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை.

பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு நான் ராக் ரசிகனானேன். ராக் என்றால் எங்களுக்கு இங்கிலீஷில் இருக்கிற எல்லாமே ராக்; பீட்டில்ஸ், ஆபா, போனி எம் எல்லாம் ஒரே உறையில். சென்னையிலிருந்து வந்த சீனியர் ஒருவன் பர்மா பஜாரில் வாங்கிய டூ-இன்-ஒன்னோடு வந்தான், பிங்க் ஃபிளாய்ட் கேஸட்டோடும் வந்தான். விளக்கை அணைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது அவன் போட்ட நிபந்தனை. இருட்டில் பத்துப் பேர் பயபக்தியோடு உட்கார்ந்திருக்க, கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அலறும் இடம் வந்ததும், தூங்கிப்போயிருந்த ஒருவன் பரீட்சை மணி என்று எழுந்து சட்டையைத் தேடினான். பிரமாதம் என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். மனசுக்குள் எப்போது போனி எம் போடுவான் என்றிருந்தது. பாபி ஃபேரலின் ஆட்டத்தைப் படங்களில் பார்த்துவிட்டு, பாக்கெட்டில் இருந்த பணத்தையெல்லாம் தையல்காரரிடம் கொடுத்து, தரையைப் பெருக்கும் அகலத்தில் பெல்பாட்டம் தைத்துக்கொண்டேன். அந்தக் கட்டைக் குரல் ஃபேரலுடையதே இல்லை, ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியன் பாடியது, இவர் மேடையில் வாயசைத்தார் என்று தெரிந்தபோது பெல்பாட்டம் கரித்துணியாகி வெகுகாலம் ஆகியிருந்தது. (ரஸ்புட்டினைப் பற்றிய பாட்டால் புகழ்பெற்ற அந்த மனிதர் 2010 டிசம்பர் 30 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் செத்துப்போனார். ரஸ்புட்டின் கொல்லப்பட்டதும் அதே ஊர், அதே தேதி. நான் கதை எழுதுகிறவனாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன், யாரும் நம்ப மாட்டார்கள்.)

அதற்குள் இந்தப் பக்கம் 1976இல் அன்னக்கிளி வந்து எங்கள் காதைப் பிடித்து இழுத்துப் போயிருந்தது. இளையராஜாவைக் கேட்டு, இதென்ன சங்கீதம், ஒரே கொட்டு என்றார் அப்பா. 1978இல் பிரியா, ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாட்டுகள் என்று கொண்டாடினார்கள். இரண்டு ஸ்பீக்கர் வைத்த ஒரு சிநேகிதன் வீட்டில் பேலன்ஸ் குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி, வயலின் ஒரு மூலையிலும் கிட்டார் ஒரு மூலையிலும் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தோம். பாட்டைக் கேட்டோமா என்றால் நினைவில்லை. 1992இல் ரோஜா வந்தது. சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்று ராக் குழு வைத்திருந்த பையன் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இது, ஆர்மோனியம் எங்கே, ஆள் எங்கே என்று நான் ஆபீஸ் கேண்டீனில் பிரசங்கம் பண்ணினேன். இப்போது என் மகளின் போனில் ரோஜா, பழைய பாடல்கள் என்ற தலைப்பில் தியாகராஜ பாகவதருக்கு நாலு இடம் தள்ளி இருக்கிறது.

ரெக்கார்டிங் சென்டர் என்று ஒன்று இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கண்ணாடி அலமாரி நிறைய எல்.பி. உறைகள், உள்ளே ஹெட்ஃபோனோடு ஒரு அண்ணாச்சி. வெற்று கேஸட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் ஒரு வாரத்தில் தருவார். பட்டியலை அப்படியே பதிந்து கொடுத்தால் அவருக்கு மரியாதை இல்லை. "இந்தப் பாட்டு பஸ்ஸ்டாண்டுல கேட்டுட்டு எழுதிட்டீங்க தம்பி, இதே படத்துல இன்னொண்ணு இருக்கு, அதைக் கேளுங்க" என்று அடித்துத் திருத்துவார். அறுபது நிமிஷ கேஸட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு போக ஒன்றரை நிமிஷம் மிஞ்சும்; அந்த இடத்தை வீணாக்க மனமில்லாமல் ஏதாவது ஒரு பாட்டின் முன்னிசையைப் பதிந்து, குரல் வருவதற்குள் நாடா தீர்ந்துபோகும்படி விட்டிருப்பார். பிறகு கேஸட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களை ஸ்க்ரூடிரைவரால் உடைத்துத் தருவார், மேலே யாரும் தப்பித்தவறிப் பதிந்துவிடக் கூடாதென்று. அந்தப் பொந்தில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது இரண்டே நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அத்தனையும் சட்டப்படி திருட்டு. அண்ணாச்சி கடையில் ஊதுபத்தி ஏற்றி, சாமி படத்துக்குப் பூப்போட்டுத்தான் தினமும் அதைத் தொடங்குவார்.

அவரைப் போலவே என் ரசனையில் கைவைத்த இன்னொரு வர்க்கம் தனியார் பஸ் டிரைவர்கள். நல்ல செட் வைத்த பஸ்ஸுக்காக அரசு பஸ் இரண்டை விட்டுவிட்டு நின்றவர்கள் நாங்கள். ஏறின பிறகு என்ன பாட்டு என்பது அவர் இஷ்டம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் தென்காசி வரை சோகப்பாட்டு. பின்சீட்டில் புதுத் தம்பதி உட்கார்ந்திருந்தாலும் அதேதான்.

சுருக்கமாக, என் வாழ்க்கையில் நான் கேட்ட பாட்டில் முக்கால்வாசி அடுத்தவர் போட்டது. அதில் பாதி குப்பை. குப்பையையும் மனப்பாடமாகத் தெரியும் என்பதுதான் விசேஷம். அந்த நாட்களெல்லாம் எனக்கிருந்த ஒரே லட்சியம் குமிழ் என் கைக்கு வரவேண்டும் என்பது. வந்தும்விட்டது, கொஞ்சம் அளவுக்கு அதிகமாக. உலகத்தில் பதிவான பாட்டெல்லாம் சட்டைப்பையில் கிடக்கிறது. ஒன்றைப் போடுகிறேன்; பல்லவி முடிவதற்குள் அதைவிட நல்லது ஒன்று நினைவுக்கு வருகிறது; தள்ளுகிறேன்; அதன் முன்னிசையில் இன்னொன்று. முழுப் பாட்டு கேட்டு எத்தனை நாளாயிற்றோ. சிலோனில் பிடிக்காத பாட்டு வந்தால் தள்ள வழியில்லாமல் கேட்டு, மூன்றாவது தடவை பிடித்துப்போகும். இப்போது எந்தப் பாட்டுக்கும் நான் மூன்றாவது தடவை கொடுப்பதில்லை. என் கஷ்டத்தைப் பார்த்து மகள் காரவான் வாங்கிக் கொடுத்தாள். பழைய எச்.எம்.வி.யின் வாரிசான சரிகம நிறுவனம் 2017இல் இறக்கிய பெட்டி. 5,000 பாட்டுகளை உள்ளே ஏற்றி, வெளியே பார்த்தால் அசல் அந்தக் கால ரேடியோ மாதிரி, திருகுகிற குமிழோடு. நன்றாகத்தான் பாடுகிறது. ஆனால் வந்த அன்றைக்கே என் மனைவி அதை அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் ஹாலில் உட்கார்ந்து அவள் திருகுகிற திருகலுக்கு வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள் கையை நீட்டினால், சும்மா இருங்கள், இதற்கப்புறம் என்ன வருகிறது பார்ப்போம் என்கிறாள். சுசீலா வருகிறார். பரவாயில்லை.

போன மாதம் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். வரவேற்பில் மெல்லிசை. அக்கார்டியனும் ட்ரம்மும் போய் ஒரு லேப்டாப், அதில் கேரியோகி. நடுவில் இரண்டு பேர் போனைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். சுருதி ஒரு இம்மியும் விலகவில்லை, சத்தம் மட்டும் வேப்பமரத்துக் குழாய்க்கு அப்பன். விருப்பப் பாட்டை வாட்ஸப்பில் அனுப்பவும் என்று திரையில் ஒரு நம்பர் ஓடியது. எண்பது தாண்டிய என் பெரியப்பா அதைச் சட்டைசெய்யவில்லை. வரிசையாக இரண்டு சிவாஜி பாட்டு ஆகிவிட்டதைக் கணக்கு வைத்திருந்தவர், பந்தியில் கைதுடைக்க வைத்திருந்த காகிதத்தில் எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்றை எழுதி, பத்து ரூபாய் நோட்டை வைத்து மடித்து, முன்வரிசைப் பையனிடம் கொடுத்து அனுப்பினார். அது கைமாறிக் கைமாறி மேடைக்குப் போனது. பாடகர் பிரித்துப் பார்த்தார், லேப்டாப்பில் தேடினார், ட்ராக் இல்லை என்று கையை விரித்தார். காகிதம் அதே வழியில் திரும்பி வந்தது. பிரித்தால் உள்ளே நோட்டு இல்லை.

"ரூவா வரலையே பெரியப்பா" என்றேன்.

"அது என்னைக்குடே திரும்பி வந்திருக்கு?" என்றார்.